மழையைக் காணோம், முட்டையையும் காணோம்

பகல் இரண்டரை மணி வெயிலில் கையில் குடையோடு அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்த வாயாடியைத் திரும்பிப் பார்த்து, குடை எதற்கு என்று கேட்டாள் அண்ணி. காணாமல் போனது மழைதானே, கையும் களவுமாகப் பிடிக்கும்போது நனைந்துவிட்டால் நன்றாக இருக்காதே என்றான் அவன். மூக்கின் மேல் ஒன்றும் நெற்றிக்கு மேல் ஒன்றுமாக அண்ணி எப்போதும் போட்டிருக்கும் இரண்டு கண்ணாடிகளில், மேலே இருந்ததைக் கீழே இறக்கி, கீழே இருந்ததை மேலே ஏற்றினாள். அப்படிச் செய்துவிட்டால் வேலையில் இறங்கிவிட்டாள் என்று அர்த்தம்.

அந்தக் கண்ணாடிகளால்தான் அவளுக்குக் கண்ணாடியம்மா என்று பெயர். கொலை, கொள்ளையெல்லாம் அவளிடம் வராது. தொலைந்த கம்மல், ஓடிப்போன பூனை, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் யார் செருப்புக் கழுவியது என்கிற மாதிரி வழக்குகள்தான். ஆனால் எடுத்ததை முடிக்காமல் விட்டதில்லை. வாயாடி அவள் கணவனுடைய தம்பி. பதினெட்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன். டிக்கெட் எடுக்காதவர்களிடமே உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்ததால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். வயது நாற்பத்து மூன்று ஆகிறது. வாய்க்கு மட்டும் இன்னும் வயதாகவில்லை.

உள்ளே வரவேற்பு மேசைக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு திரை. அதில் ஒரு ஊர் ஓடிக்கொண்டிருந்தது. கடலோரத்தில் ஓட்டு வீடுகள், ஒரு காற்றாலை, ஒரு ரொட்டிக்கடை, கூரை உச்சியில் ஒரு சேவல். இங்கே செய்கிற வீடியோ கேமின் ஊர் அது. அங்கே ஒரு மணி நேரம் என்பது நமக்கு ஒரு நிமிஷம். ஆகவே ஒரு முழு நாள் இருபத்து நாலே நிமிஷத்தில் முடிந்துவிடும். வீடுகளின் நிழல்கள் பந்திக்கு முந்துகிறவர்கள் மாதிரி தெருவில் நகர்ந்துகொண்டே இருந்தன.

மேசையில் இருந்த அம்மாள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு நேர் மேலே ஒரு கறுப்பு ஒலிபெருக்கியில் அலைச் சத்தம் வந்துகொண்டிருந்தது. வாயாடி திரையைப் பார்த்தான். உச்சி வெயில். தெரு விளக்குகள் அத்தனையும் எரிந்துகொண்டிருந்தன.

"இந்த ஊர் நகராட்சியும் நம்ம நகராட்சிதான் போல" என்றான்.

அண்ணி அவனைப் பார்க்காமல் விளக்குகளைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள் என்றே அவனுக்குத் தோன்றியது.

போனை வைத்ததும் மேசைக்காரி எழுந்து ஓடிவந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். போன வருஷம் அவள் கம்மலைத் துணி துவைக்கும் மெஷினின் குழாயிலிருந்து எடுத்துக் கொடுத்தது கண்ணாடியம்மாதான். அந்த நம்பிக்கையில்தான் இன்று காலை போன் செய்து கூப்பிட்டிருந்தாள். காரணம், மழையைத் தொலைத்தவள் அவளுடைய சொந்தத் தம்பி பெண்டாட்டி.

"இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள மழை பெய்யலைன்னா அவளை அனுப்பிடுவாங்க. அழுதுட்டு இருக்கா. நான் இருந்து என்ன பிரயோஜனம் சொல்லுங்க" என்றாள் மேசைக்காரி. சொல்லும்போது அவள் கண்ணும் கலங்கியது.

*

தம்பி பெண்டாட்டி மூன்றாவது மாடியில் இருந்தாள். அலுவலகத்தில் அவளுக்கு வானக்காரி என்று பெயர். கேமில் சூரியன் எந்தப் பக்கம் உதிக்க வேண்டும், மேகம் எவ்வளவு கறுக்க வேண்டும், மூடுபனி எப்போது கலைய வேண்டும் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. இரண்டு வருஷமாக அதைச் செய்திருக்கிறாள். அழுததில் முகம் வீங்கியிருந்தாலும் விஷயத்தைச் சிந்தாமல் சிதறாமல் சொன்னாள்.

கேமுக்குள் தினமும் விடியக்காலை ஆறு மணிக்கு மெஷின் ஒரு சீட்டுக் குலுக்கும். வெயில், மேகம், பனி, காற்று, மழை. எந்தச் சீட்டு விழுகிறதோ அதுதான் அன்றைய வானிலை. சீட்டு விழாவிட்டால் முந்தின நாள் வானிலையே தொடரும். நாலைந்து நாளுக்கு ஒரு தடவை மழை பெய்ய வேண்டும். பெய்துகொண்டும் இருந்தது. மூன்று நாளாக ஒரு தூறல்கூட இல்லை. நமக்குத்தான் மூன்று நாள். தினமும் அலுவலகம் நடக்கிற எட்டு மணி நேரம்தான் ஊர் ஓடும் என்பதால் அந்த ஊர்க்காரர்களுக்கு அறுபது நாள்.

நாளைக் காலையில் வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் நாலு பேர் கேமைப் பார்க்க வருகிறார்கள். வரவேற்பறைத் திரையில் ஓடும் அந்த ஊருக்குள்தான் அவர்கள் சுற்றிப் பார்ப்பார்கள். மழை தானாகப் பெய்கிற ஊர் என்று முதலாளி அவர்களிடம் பெருமை அடித்து வைத்திருக்கிறார். பெய்யாவிட்டால் அவமானம். அதனால் இன்று ஐந்து மணிக்கு வந்து பார்ப்பார். மழை இல்லையென்றால் வானிலையையே வெட்டிவிட்டு, என்றைக்கும் மாறாத ஒரே மதிய வெயிலை வானத்தில் ஒட்டிவிடச் சொல்லிவிட்டார். ஒட்டிய வானத்துக்கு வானக்காரி எதற்கு.

"பட்டனைத் தட்டி நானே மழையைக் கொண்டு வரலாம். ஆனா கையால வரவெச்சதுன்னு பதிவாயிடும். அது கணக்கில்லைன்னுட்டார்" என்றாள்.

பிறகு, எது அவள் வயிற்றெரிச்சலோ அதைக் காட்டினாள். அவள் மேசையில் இருந்த கம்ப்யூட்டரிலும் அதே ஊரின் இன்னொரு பிரதி தனியாக ஓடியது. அங்கே மழை கொட்டிக்கொண்டிருந்தது. தெரு விளக்குகள் ஒழுங்காக அணைந்திருந்தன.

"என் கம்ப்யூட்டர்ல பெய்யுது. கீழே பெய்யலை. இதைச் சொன்னா, உன் கம்ப்யூட்டரையா நாளைக்கு வர்றவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்கன்னு கேக்கறார்."

இந்த மழை வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் யாராவது உண்டா என்று அண்ணி கேட்டாள். வானக்காரி பதில் சொல்வதற்கு முன், அடுத்த தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான்தான்."

கேமின் வீடுகளைக் கட்டுகிறவர் அவர். கட்டடக்காரர் என்று கூப்பிடுவார்கள். ஒவ்வொரு ஓட்டையும் தனித்தனியாக வரைந்தவராம். அதில் பாசி, அதில் விரிசல், ஒரு ஓட்டில் பூனை மிதித்த தடம்கூட உண்டாம். மழை பெய்தால் அத்தனையும் எண்ணெய் தேய்த்த தலை மாதிரி மினுங்கிப் போகிறது என்று மனம் வெறுத்துச் சொன்னார். மழை தொலைந்தது தனக்குச் சந்தோஷம்தான், ஆனால் தொலைத்தது தான் இல்லை என்றார். அவர் திரையில் சூரியன் உச்சியில் அப்படியே நின்றிருந்தது. ஓடுகள் தெளிவாகத் தெரிய வேண்டுமென்று பகல் பன்னிரண்டோடு நேரத்தை நிறுத்திவைத்து வேலை செய்கிறவராம். ஆறு வருஷமாகச் சாயங்காலத்தையே பார்த்ததில்லை என்றார்.

வெளியே வந்ததும் வாயாடி குடையால் தரையைத் தட்டினான். "முடிஞ்சுது அண்ணி. வாயால ஒத்துக்கிட்டார். வாங்க, நாலு மணி பஸ்ஸைப் பிடிச்சிரலாம்."

"ஒத்துக்கிட்டவர் திருட மாட்டார் தம்பி. திருடறவங்களுக்கு, தாங்க திருடறோம்ங்கறதே சில சமயம் தெரியாது."

இதற்கு அர்த்தம் என்ன என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் அண்ணி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். துடைத்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும்.

*

அடுத்து இரண்டாவது மாடியில் குறைக்காரரைப் பார்த்தார்கள். காலையிலிருந்து மாலைவரை வரவேற்பறையில் ஓடும் அதே ஊருக்குள் தன் கம்ப்யூட்டர் வழியாகப் புகுந்து திரிந்து, எது எது சரியில்லை என்று எழுதிக் கொடுப்பது அவர் உத்தியோகம். பதினோரு வருஷமாக இதையே செய்து பழகிவிட்டதால் வீட்டில் சாப்பாட்டுக்கும் நம்பர் போட்டுக் குறை சொல்கிறாராம். அதனால் மனைவி இப்போதெல்லாம் அவருக்குத் தட்டோடு ஒரு காகிதமும் பேனாவும் வைத்துவிடுகிறாளாம். அதையும் அவரே பெருமையாகச் சொன்னார்.

மூன்று நாளில் எழுதிய குறைகள் எத்தனை என்று அண்ணி கேட்டாள். எழுபத்து நாலு. எல்லாவற்றையும் ஒரு தடவை வாசியுங்கள் என்றாள். குறைக்காரர் விழித்தார். இதுவரை அப்படி யாருமே கேட்டதில்லை. குறைகளை எழுதியதும் அந்தந்த ஆளுக்கு அனுப்பிவிடுவார். விலங்குக் குறை விலங்கு செய்கிறவருக்கு, வெளிச்சக் குறை வெளிச்சக்காரருக்கு, வானத்துக் குறை வானக்காரிக்கு. ஒருவருக்கு வந்தது இன்னொருவருக்குத் தெரியாது.

"மொத்தமா நீங்களாவது படிச்சிருப்பீங்களே" என்றான் வாயாடி.

"எழுதறதுதான் சார் என் வேலை. படிக்கறதுக்கு வேற ஆள் போடணும்."

வாசிக்கத் தொடங்கினார். படகுக்காரன் தண்ணீருக்குள் நடக்கிறான். கழுதைக்கு ஐந்து கால். மேயர் கதவைத் திறக்காமலே உள்ளே போகிறார். வாயாடி ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தான். மேயர் என்றால் அப்படித்தான் என்றான். அண்ணி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுநடுவில் மட்டும் விரலை உயர்த்தினாள். பன்னிரண்டாவது குறைக்கு ஒரு விரல்: கோழிகள் முட்டையிடுவதில்லை. பத்தொன்பதுக்கு: ரொட்டிக்கடை திறப்பதில்லை. இருபத்து மூன்றுக்கு: தெரு விளக்குகள் பகலிலும் எரிகின்றன. முப்பத்தொன்று: மழை பெய்யவில்லை. நாற்பதுக்குக் கட்டைவிரலும் உயர்ந்தது: ஒவ்வொரு நாளும் ஒரு தடவை திரை கண் சிமிட்டுவது போலத் துடிக்கிறது.

அண்ணி கண்ணைத் திறந்தாள். ஐந்து விரல்களும் அப்படியே நின்றன.

"கோழி எப்ப முட்டை போடும்?"

"விடிஞ்சதும்" என்றார் குறைக்காரர். "ஆறு மணின்னு வெச்சிருக்காங்க."

"ரொட்டிக்கடை?"

"அதுவும் ஆறு."

"விளக்கு எப்ப அணையணும்?"

குறைக்காரர் வாயைத் திறந்தார். சொந்தக் காகிதத்தையே புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"தம்பி, மழை காணாமப் போகலை" என்றாள் அண்ணி. "ஆறு மணியைத்தான் யாரோ தூக்கிட்டுப் போயிருக்காங்க. கோழியும் ரொட்டிக்காரனும் மழையும் அதுக்காகக் காத்துக்கிட்டு நிக்கறாங்க."

"சூரியன் வருதே அண்ணி?"

"சூரியன் வருது. ஆறு மணி வரலை."

நேரத்தைத் தாண்டவைக்க இங்கே வழி இருக்கிறதா என்று அவள் கேட்டதற்கு, இருக்கிறது என்றார் குறைக்காரர். கீபோர்டின் மூலையில் ஒரு பட்டன். தட்டினால் கேமில் ஒரு மணி நேரம் முன்னால் குதித்துவிடும். இரவுவரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக வைத்தது. யாருக்கெல்லாம் தெரியும் என்றதற்கு, "யார் கேட்டாலும் சொல்லிடுவேன், அதுல என்ன இருக்கு" என்றார்.

*

கண்ணாடியம்மாவுக்கு முட்டி வலி என்று வரவேற்பறையில் ஒரு நாற்காலி போடப்பட்டது. வலி பொய். நாற்காலியிலிருந்து திரை நன்றாகத் தெரிந்தது, அது நிஜம். காற்றாலையின் நிழல் காலடியில் சுருண்டு உச்சிப் பொழுதானபோது அவள் கைக்கடிகாரத்தில் மூன்று முப்பத்து மூன்று. அதன் பிறகு சாய்ந்து உட்கார்ந்து, மேசைக்காரியோடு நாத்தனார் கதை, மருமகள் கதை, மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிற கதை என்று பேசிக்கொண்டே இருந்தாள். திரையில் மாலை சிவந்தது. பகலெல்லாம் எரிந்த விளக்குகள் தொடர்ந்து எரிந்தன. நிலா வந்தது, போனது. கிழக்கில் கரும்பலகையைத் துடைத்தது போல ஒரு வெளுப்பு. திரை ஒரு தடவை துடித்தது. பளிச்சென்று வெயில். விளக்குகள் அணையவில்லை.

மறுபடி உச்சிப் பொழுது வந்தபோது மணி மூன்று ஐம்பத்தாறு.

"இருபத்து மூணு நிமிஷம்" என்றாள் அண்ணி, வாயாடியின் காதருகில். "இருபத்து நாலு இருக்கணும். தினம் ஒரு நிமிஷம் கடிச்சிருக்காங்க."

அவனுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கட்டடக்காரர்தான், வேறு யார் என்று துள்ளினான். அப்படியானால் மேலே போய் அவர் பின்னால் நின்று பாருங்கள், அடுத்த விடியல் நாலு பதினாலுக்கு, அந்த நேரத்தில் அவர் கை எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள் என்று அனுப்பிவைத்தாள்.

வாயாடி போனான். ஓடுகளைப் புகழ்ந்தான். பூனைத் தடத்தைக் காட்டச் சொன்னான். எந்தப் பூனை என்று கேட்டான். மனிதர் உருகிப்போய் பூனையின் முழு வரலாற்றையும் சொன்னார். நாலு பதினாலுக்கு அவருடைய வலது கையில் பிஸ்கட் இருந்தது, இடது கையில் இன்னொரு பிஸ்கட் இருந்தது. அதே நொடியில் போன் அடித்தது.

"விளக்கு எரியுது தம்பி" என்றாள் அண்ணி. "கை எங்கே?"

"பிஸ்கட்ல."

"சரி. நேரா கீழே வராதீங்க. வானக்காரியையும் கூட்டிக்கிட்டு நாலரைக்கு மேல வாங்க. வந்ததும் திரையைப் பாக்காதீங்க. மத்த எல்லாத்தையும் பாருங்க."

பதினெட்டு வருஷம் பஸ்ஸில் நின்றவனுக்கு அந்தக் கடைசி வார்த்தை புரிந்தது. டிக்கெட் இல்லாதவனைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் அவன் முகத்தைப் பார்க்கக் கூடாது. கையைப் பார்க்க வேண்டும்.

நாலு முப்பத்தைந்துக்கு இருவரும் இறங்கி வந்து தூண் ஓரமாக நின்றார்கள். கண்ணாடியம்மா நாற்காலியில் இருந்தாள். மேசைக்காரி கன்னத்தில் கை வைத்து, தன் தம்பி சின்ன வயதில் அலமாரிக்குள் தூங்கிப்போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீடெல்லாம் தேடி, தெருவெல்லாம் தேடி, கிணறுவரை போய்ப் பார்த்தார்களாம். அவள் முகத்தில் அந்தக் கதை தவிர வேறெதுவும் இல்லை. பின்னால் திரையில் கிழக்கு வெளுக்கத் தொடங்கியது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்புறம் எங்கம்மா போர்வை எடுக்க அலமாரியைத் திறந்தா" என்று சொல்லும்போதே அவளுடைய வலது கைச் சுண்டுவிரல் மட்டும், ஈயை ஓட்டுவது போல, மேசை மேல் கிடந்த, அந்தத் திரையை இயக்கும் கீபோர்டின் மூலைக்குப் போய் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்தது.

திரை துடித்தது. வெயில் அடித்தது. விளக்குகள் எரிந்தன.

வாயாடி வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

"அது என்னம்மா பட்டன்?" என்று கேட்டாள் கண்ணாடியம்மா. கம்மலுக்கு எந்தக் கடை என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள்.

"இதுவா? சேவல் பட்டன்."

மேசைக்காரி ஒளிவுமறைவே இல்லாமல் சொன்னாள். கேமுக்குள் விடிந்தால் சேவல் கூவும். அவளுக்கு எட்டு மணி நேர வேலை. அதற்குள் அங்கே இருபது நாள் விடிகிறது. இருபது தடவை, இந்த ஒலிபெருக்கியில், அவள் உச்சந்தலைக்கு ஒரு முழம் மேலே. போனை எடுத்து வணக்கம் சொன்னால் சேவலும் சேர்ந்து சொல்கிறது. ஒருத்தர் பண்ணையா என்று கேட்டார். இன்னொருத்தர் நாலு கோழி எடுத்து வையுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லிச் சத்தக்காரருக்கு மூன்று தடவை எழுதினாள். நாலு நாள் பண்ணையில் படுத்துக் கிடந்து பதிவு செய்த சேவலாம் அது, முதலாளிக்கு ரொம்பப் பிடிக்குமாம், கைவைக்க முடியாது என்று பதில் வந்தது. போன வாரக் கடைசியில் குறைக்காரர்தான் இந்தப் பட்டனைச் சொல்லிக் கொடுத்தார். கூவுகிறதுக்குச் சற்று முன்னால் தட்டினால் அந்த நேரத்தையே தாண்டிவிடும்.

"மூணு நாளா நிம்மதிம்மா. கனவுலகூட கூவிக்கிட்டு இருந்துது. இப்ப தட்டறதே தெரியறதில்லை, விரல் தானாப் போயிடுது."

"மூணு நாளா" என்று திருப்பிச் சொன்னாள் கண்ணாடியம்மா.

மேசைக்காரி சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டிருந்த தலை பாதியில் நின்றது. தூணோரம் நின்ற தம்பி பெண்டாட்டியைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். தன் சுண்டுவிரலைப் பார்த்தாள்.

"ஐயோ, நானா" என்றாள் மெதுவாக.

வானக்காரி கிட்டே வந்தாள். அவள் என்ன சொல்லப் போகிறாளோ என்று வாயாடி பயந்தான். ஒரே வீட்டில் சாப்பிடுகிறவர்கள். அவளோ மேலே இருந்த ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏன்க்கா என்கிட்ட சொல்லலை?"

"உனக்கே ஆயிரம் வேலை. சேவல் கத்துதுன்னு வந்து நிக்கட்டுமா?"

*

மணி நாலு நாற்பது. முதலாளி ஐந்துக்கு வருவார். கண்ணாடியம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு கேள்விகள் கேட்டாள். அடுத்த விடியல் எப்போது? வானக்காரி விரல் விட்டு எண்ணி, ஐந்து மணி அடித்து அரை நிமிஷத்தில் என்றாள். சீட்டில் மழை விழும் என்று நிச்சயமா? இந்தக் கேள்விக்கு அந்தப் பெண்ணின் முகத்தில் மூன்று நாளில் முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது.

மழை இல்லாத ஒவ்வொரு நாளும் நிலத்தில் தாகம் ஏறுகிற மாதிரி அவள் செய்திருந்தாள். தாகம் ஏற ஏற மழைச் சீட்டுகள் கூடும். அந்தக் கணக்கு நடுராத்திரியில் நடக்கும். நடுராத்திரியை யாரும் திருடவில்லை.

"அறுபது நாள் தாகம் சேர்ந்திருக்கு. இப்ப பெட்டிக்குள்ள மழையைத் தவிர வேற சீட்டே இருக்காது. சீட்டு மட்டும் எடுக்கவிட்டா போதும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "முதலாளிகிட்ட அக்கா பேர் வரணுமா?" என்று கேட்டாள். "பேர் வந்தா அவங்க வேலை போயிடும். அப்புறம் நான் இந்த வேலையை வெச்சுக்கிட்டு எந்த முகத்தோட வீட்டுக்குப் போவேன்?"

கண்ணாடியம்மா கண்ணாடிகளை மறுபடி இடம் மாற்றினாள். முதலாளி எந்த வாசல் வழியாக வருவார் என்று கேட்டாள். எப்போதும் பின்வாசல்தான், கார் நிறுத்துமிடத்திலிருந்து நேரே லிஃப்ட். ஆறு மாதமாக வரவேற்பறையில் கால் வைத்ததில்லை.

"அப்ப இன்னைக்கு வைக்கட்டும்" என்றாள்.

வாயாடி பின்வாசலில் போய் நின்றான். நாலு ஐம்பத்து மூன்றுக்குக் கார் வந்தது. மழையைப் பிடித்துவிட்டோம், கீழே வரவேற்பறையில் வைத்திருக்கிறோம், நேரில் வந்து அடையாளம் காட்ட வேண்டும் என்று சொல்லி, லிஃப்டுக்கும் அவருக்கும் நடுவில் குடையை நீட்டிக்கொண்டு நின்றான். முதலாளி பருத்த மனிதர், அவசரக்காரர், இரண்டு காதிலும் போன். முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அவரைக் கொண்டுபோய்த் திரை நன்றாகத் தெரியும் என்று சொல்லி ஒலிபெருக்கிக்கு நேர் கீழே நிறுத்தினான். இந்த அலைச் சத்தத்தில் எதுவும் கேட்காது என்று சொல்லி, போன்களையும் கீழே வைக்கவைத்தான்.

திரையில் இரவு. விளக்குகள் எரிந்தன. மணி ஐந்து அடித்தது.

"அஞ்சாயிடுச்சு" என்றார் முதலாளி. "மழை எங்கே?"

"அரை நிமிஷம் ஐயா" என்றாள் கண்ணாடியம்மா. "முகம் கழுவிட்டு வருது."

கிழக்கு வெளுத்தது. வாயாடி மேசைக்காரியைப் பார்த்தான். அவள் சுண்டுவிரல் தானாக நிமிர்ந்து, கீபோர்டின் மூலையை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. அவளும் அதைப் பார்த்தாள். சட்டென்று அந்தக் கையை எடுத்துத் தன் நாற்காலியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். முதலாளி வாயைத் திறந்தார்.

அவருக்கு முன்னால் சேவல் திறந்துவிட்டது.

அந்தக் கூவலை வாயாடி பிற்பாடு பல பேரிடம் விவரித்துப் பார்த்திருக்கிறான், சரியாக வந்ததில்லை. லாரி ஹாரனைக் கிணற்றுக்குள் இறக்கி அடித்தது மாதிரி என்பான். முதலாளி இருந்த இடத்திலிருந்து ஒரு சாண் எழும்பி, இறங்கும்போது வாயாடியின் குடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினார். அவர் மூச்சு திரும்புவதற்குள் தெரு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. ரொட்டிக்கடைக் கதவு திறந்தது. கோழிக் கூண்டுகளில் முட்டைகள் உருண்டன. காற்றாலைக்குப் பின்னால் வானம் கறுத்து, ஒரு கனத்த துளி, ஒரே துளி, தெருப் புழுதியில் விழுந்தது. அதன் பிறகு அறுபது நாள் மழையும் ஒன்றாகக் கொட்டியது.

மழைச் சத்தம் கேட்டு, கட்டடக்காரர் எங்கோ மேலே ஐயையோ என்றது மாடிப்படி வழியாகக் கேட்டது.

முதலாளி மழையையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பிரமாதம் என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு கண்ணாடியம்மா பக்கம் திரும்பி, இவ்வளவு நாளாக மழையை நிறுத்தி வைத்திருந்தது யார், ஆளைக் காட்டுங்கள் என்றார்.

மேசைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். வானக்காரி ஒரு அடி முன்னால் வந்து, அவளை மறைத்தாற்போல நின்றாள்.

கண்ணாடியம்மா கையைத் தூக்கி, திரையில் கூரை உச்சியில் நனைந்துகொண்டிருந்த சேவலைக் காட்டினாள்.

"அதோ நிக்கறானே. எல்லாம் அவனாலதான்."

எப்படி என்று முதலாளி கேட்கவில்லை. அவருடைய காது இன்னும் கொய்யென்று இருந்தது. நாளைக்கு வருகிற பெரியவர்களில் இரண்டு பேருக்கு இதயக் கோளாறு என்பது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"இது எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை கத்தும்?" என்று மேசைக்காரியிடம் கேட்டார்.

"இருபத்து நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை சார்."

முதலாளி அவளை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். பிறகு போனை எடுத்து, சத்தக்காரரைக் கூப்பிட்டு, நாலே வார்த்தை பேசினார்.

நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். பார்த்தால் சிரித்துவிடுவார்கள். மேசைக்காரி மெல்ல எழுந்து, உட்கார்ந்ததில் மரத்துப்போன கையை உதறிக்கொண்டாள். வானக்காரி அந்தக் கையை வாங்கித் தேய்த்துவிட்டாள்.

கண்ணாடியம்மா கிளம்பலாம் என்றாள். வாயாடி நகரவில்லை. இன்னும் ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டுப் போகலாம் அண்ணி, இருபத்து நாலு நிமிஷம்தானே என்று கெஞ்சினான். பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டு அவளும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

ஐந்து இருபத்து நாலரைக்குக் கிழக்கு வெளுத்தது. மழை விட்டபாடில்லை. சேவல் கூரை உச்சியில் எழுந்து நின்றது, இறகை உதறியது, நெஞ்சை நிமிர்த்தியது, அகலமாக வாயைத் திறந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. இரண்டாவது தடவையும் திறந்து பார்த்தது. வாய்க்குள் மழைத் தண்ணீர்தான் போயிற்று. மைக் வேலை செய்யாத மேடையில் மாட்டிக்கொண்ட தலைவரைப்போல அது நாலா பக்கமும் பார்த்தது. கீழே கோழிகள் அதைச் சட்டை செய்யாமல் முட்டையிட்டுக்கொண்டிருந்தன.